சாரலில் காயாத கம்பளி

நனைந்த குதிரைக் கம்பளியின் நாற்றத்தை எழுத்தில் கொண்டுவருவது கடினம். வியர்வை, மூத்திரம், மக்கிய வைக்கோல், ஈரக் கம்பளி என்று நான்கும் அதில் தனித்தனியே தெரியும், ஒன்றோடொன்று கலக்காது. அந்த நாற்றத்தை நம்பி ஒரு தொழில் தொடங்கினேன். அந்த ஆண்டு நம்புவதற்கு வேறு எதுவும் எனக்கு இருக்கவில்லை.

ஐம்பதுகளின் கடைசி. திருநெல்வேலியில் ஒரு சிறிய நாளிதழில் மெய்ப்புத் திருத்திக்கொண்டிருந்தேன். ஆள் குறைந்த நாட்களில் கோர்ட் செய்தியும் எழுதுவேன். தை மாதம் கீழப்பாவூரில் எனக்குக் கல்யாணம் நடந்தது. பங்குனியில் பத்திரிகை நின்றுவிட்டது. ஒருநாள் காலையில் வேலைக்குப் போனால் அச்சுக்கூடத்தின் கதவில் பூட்டுத் தொங்கியது. வாசலில் முந்தின நாள் காகிதச் சுருள் ஒன்று கிடந்தது. மனைவியை அழைத்துக்கொண்டு தென்காசிக்கு வந்தேன். அங்கே அப்பா விட்டுப்போன ஓட்டு வீடு இருந்தது. வீடு மட்டும் இருந்தது.

தாலுகா ஆபீஸ் வாசலில் மனு எழுத உட்கார்ந்தேன். அங்கே மனுக் கொடுக்க வருகிறவர்களைவிட எழுதக் காத்திருந்தவர்கள் அதிகம். அரிசி மண்டியில் கேட்டேன். ஆரம்பப் பள்ளியில் கேட்டேன். எல்லா இடத்திலும் உட்காரச் சொன்னார்கள், மோர் கொடுத்தார்கள், அனுப்பிவைத்தார்கள்.

என் மாமனார் புளியறைச் செக்போஸ்டில் ஏட்டு. கேரளத்துக்குப் போகும் லாரிகளை நிறுத்தி அரிசி கடத்துகிறார்களா என்று பார்ப்பது அவர் வேலை. சித்திரையில் ஒருமுறை எங்கள் வீட்டுக்கு வந்தார். அடுப்பங்கரைக்குள் போய் அரிசிப் பானைக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் நின்றார். அதைத் திறக்கவில்லை.

“தலை ஆடிக்கு மவள அழைச்சிட்டுப் போவேன் மாப்ள. அது வழக்கம்” என்றார்.

“சரி மாமா.”

“ஆவணி பொறந்ததும் திருப்பி அனுப்புததும் வழக்கந்தான். ஆனா ஒமக்கு ஒரு சோலி இருந்தாத்தான் அனுப்புவேன். இல்லன்னா அவ அங்கனயே இருக்கட்டும். சோறு இருக்கு.”

குரலை உயர்த்தவில்லை. லாரிக்காரனிடம் பெர்மிட்டைக் கேட்கிற அதே குரல். கதவுக்குப் பின்னால் நின்ற என் மனைவி அதைக் கேட்டாள். பிறகு நாங்கள் இருவரும் அந்தப் பேச்சை எடுக்கவே இல்லை.

வைகாசி கடைசியில் சாரல் விழுந்தது. குற்றாலத்துக்குக் கூட்டம் வரத் தொடங்கியது. வேலை தேடிப் போக இடமில்லாத நாட்களில் நான் தென்காசி ரயில் நிலையத்து வாசலில் நிற்பேன். ரயிலிலிருந்து இறங்குகிறவர்களை அருவிக்கு ஏற்றிப்போகக் குதிரை வண்டிகள் வரிசையாக நிற்கும். அந்த வருடம் அவற்றுக்கு எதிரே பஸ் வந்து நின்றது. ஜனங்கள் வண்டிவரை வருவார்கள், மூக்கைப் பிடிப்பார்கள், பஸ்ஸைப் பார்த்து நடப்பார்கள். மதுரைப் பக்கத்து அம்மாள் ஒருத்தி வண்டியில் ஒரு காலை வைத்துவிட்டு இறங்கினாள்.

“அருவியில குளிக்கப் போறமா, இல்ல லாயத்துலயே குளிச்சிட்டுத் திரும்பிருவமா?” என்று புருஷனைக் கேட்டாள். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

நாற்றம் இரண்டு இடத்திலிருந்து வந்தது. வண்டிக்குள் வைக்கோலின்மேல் விரித்திருந்த மெத்தை உறை ஒன்று. மழையில் நிற்கும் குதிரைமேல் போர்த்தியிருந்த கம்பளி மற்றொன்று. இரண்டையும் யாரும் துவைத்ததாகத் தெரியவில்லை.

ஸ்டாண்டில் வெள்ளைக் குதிரை வைத்திருந்த பாய் ஒருவரின் சொல்லுக்கு மற்றவர்கள் கட்டுப்படுவார்கள். அவரிடம் போனேன்.

“பாய், இந்தக் கம்பளிய எப்பத் துவைச்சீங்க?”

“துவைக்கதா? அதான் வருசா வருசம் மழ துவைக்குதே தம்பி.”

“ஜனம் பஸ்ஸுக்குப் போவுதே.”

“போவுது. பஸ்ஸுல டீசல் வாடை. அது நாகரிகம். எங் குதிரையில குதிரை வாடை. அது நாத்தம்.” அவர் குதிரையின் நெற்றியைத் தடவினார். “இன்னும் ரெண்டு வருசம் இப்படிப் போச்சின்னா இவள வித்துட்டு நானே பஸ்ஸுல ஏறிப் போயிருவேன்.”

“குடுங்க, நான் துவைச்சுத் தாறேன்.”

என்னை மேலும் கீழும் பார்த்தார். “நீங்க பேப்பர்ல இருந்தீகளே?”

“இருந்தேன்.”

“அங்கன ஊரு அழுக்கத் தேடினீக. இப்பம் குதிரை அழுக்கா?” என்று சிரித்தார். சிரித்துக்கொண்டே கம்பளியை உருவி என் தோளில் போட்டார். கனத்தில் ஒரு பக்கம் சாய்ந்துவிட்டேன்.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் அடுத்தவர் துணியைத் துவைத்ததில்லை. மனைவி என்ன சொல்வாளோ என்று பயந்துகொண்டே போனேன். அவள் கம்பளியைத் தரையில் விரித்தாள், சுற்றி நடந்து பார்த்தாள்.

“நாலு எடத்துல கிழிஞ்சிருக்கு. கோணி ஊசி வேணும்” என்றாள்.

சிற்றாற்றில் துவைக்கிற துறைக்குப் போனேன். அங்கே தொழில் செய்துகொண்டிருந்த பெரியவர் என் சுமையைப் பார்த்ததும் கல்லைவிட்டு எழுந்தார்.

“ஐயா, இந்தக் கல்லுல குதிரை மயிரு ஒட்டிச்சின்னா நாளைக்கு வக்கீலய்யா வேட்டியில போயி நிக்கும். அவரு என்னய உரிச்சிருவாரு.”

“வேற எங்கன துவைக்க, அண்ணாச்சி?”

“எருமை குளிக்குத எடத்துக்குக் கீழ போங்க. அங்கன எருமைதான் கேக்கணும்.”

எருமைகள் கேட்கவில்லை. அந்த இடத்தில்தான் வேலை நடந்தது. முதலில் கம்பளியை உலர்வாகவே தடியால் அடித்து, இரும்புச் சீப்பால் மயிரை வாரி எடுக்க வேண்டும். நனைத்துவிட்டால் மயிர் உள்ளே இறங்கிவிடும். பிறகு பூந்திக்கொட்டை ஊறிய தண்ணீரில் மிதிக்க வேண்டும், கையால் கசக்கக் கூடாது. தோல் வாரையும் கண்பட்டையையும் தண்ணீரில் போடாமல் ஈரத் துணியால் துடைத்து விளக்கெண்ணெய் தடவ வேண்டும். இவற்றையெல்லாம் கெடுத்துத்தான் கற்றேன். ஒரு கம்பளியை வெந்நீரில் போட்டு, ஆட்டுக்குட்டிக்குப் போர்த்தும் அளவில் எடுத்தேன்.

வெள்ளைக் குதிரையின் கம்பளி வெளுத்து வந்ததைப் பார்த்து மற்றவர்களும் கொடுத்தார்கள். ஆனி மாதம் முழுக்கக் கம்பளிகளும் மெத்தை உறைகளும் சேண மெத்தைகளும் வீட்டுக்கு வந்துகொண்டிருந்தன. நான் துவைத்தேன், அவள் தைத்தாள். அப்போதுதான் நான் செய்த காரியத்தின் முழு மடத்தனம் எனக்கு விளங்கியது.

குதிரை வண்டிக்கு வேலை இருப்பது சாரல் காலத்தில். கம்பளி அழுக்காவதும் சாரல் காலத்தில். சாரல் காலத்தில் தென்காசியில் ஒரு கைக்குட்டைகூடக் காயாது.

பெரிய மழை என்றால் பெய்து ஓய்ந்துவிடும். சாரல் ஓயாது, வெயில் அடிக்கும்போதே தூவும். கொடியில் போட்டதைக் கணத்துக்கொரு தரம் எடுத்து உள்ளே போடுவோம், மறுபடி வெளியே கொண்டுபோவோம். கடைசியில் வீட்டுக்குள்ளேயே விட்டத்திலிருந்து கம்பளிகளைத் தொங்கவிட்டோம். கூடத்திலிருந்து அடுப்பங்கரைக்குக் குனிந்துதான் போக வேண்டும். அவள் சட்டியில் கங்கு போட்டுக் கீழே வைத்தாள். கம்பளி காயவில்லை, புகை ஏறியது. துவைக்கும்முன் இருந்த நான்கு நாற்றங்களோடு முடை நாற்றம் ஐந்தாவதாகச் சேர்ந்தது. எங்கள் சோற்றிலும் அது இருந்தது.

வண்டிக்காரர்கள் அவசரப்பட்டார்கள். பாதி ஈரத்திலேயே திருப்பிக் கொடுத்தேன். குதிரைக்குக் கம்பளி இல்லாவிட்டால்கூடப் பரவாயில்லை, ஈரக் கம்பளி ஆகாது என்று எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். பாய் தன் ஈரக் கம்பளியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கே வந்து அதை என் முன்னால் போட்டார். அவர் சத்தம் போடாததுதான் கஷ்டமாக இருந்தது.

“குதிரை இருமுது தம்பி.”

“பாய்...”

“அழுக்கா இருந்தப்போ ஆளுதான் ஏறல. இப்பம் குதிரையே எந்திரிக்க மாட்டேங்கு. எம் மெத்தை உறையாவது குடுத்துருங்க. அம்புட்டுப் பேரு உறையும் காஞ்ச மட்டுல கொண்டு வந்து போட்டுருங்க. போதும்.”

ஸ்டாண்டில் அதற்குப்பின் யாரும் கம்பளி தரவில்லை. ஏற்கனவே தந்தவை மட்டும் வீட்டில் தொங்கிக்கொண்டிருந்தன.

ஆடி பிறந்த அன்று மாமனார் வந்தார். சீர்த்தட்டில் பழம், வெற்றிலை, மகளுக்குச் சேலை, எனக்கு வேட்டி. தட்டைப் பிடித்தபடி வாசற்படியில் நின்றுவிட்டார். அவர் முகத்துக்கு நேரே ஒரு கம்பளி சொட்டிக்கொண்டிருந்தது.

“இது என்ன மாப்ள?”

“குதிரைக் கம்பளி மாமா.”

“நம்ம வீட்டுல குதிரை ஏது?”

நான் சொன்னேன். அவர் கடைசிவரை கேட்டார். தட்டை வைக்க உலர்ந்த இடம் தேடினார், கிடைக்கவில்லை. மகள் கையில் கொடுத்தார்.

“கெளம்புட்டி” என்றார்.

அவள் அறைக்குள் போய்ச் சேலைகளை மூட்டை கட்டினாள். வருவதற்கு நேரமானது. மூட்டை பெரிதாக இருந்ததைக் கவனித்தேன். ஒரு மாதத்துக்கு இவ்வளவு எதற்கு என்று தோன்றியது. திரும்பி வராதவள் எடுத்துப்போகிற அளவு அது. வாசலில் என்னைப் பார்த்து, “சன்னல் பக்கத்துக் கம்பளியத் திருப்பிப் போடுங்க, அடிப்பக்கம் அப்படியே இருக்கு” என்றாள். அவ்வளவுதான்.

அன்று அந்தக் கம்பளியைத் திருப்பிப் போட்டேன். பிறகு அதன் கீழேயே உட்கார்ந்திருந்தேன். வேறு என்ன செய்வது என்று தெரியவில்லை.

மறுநாள் பாய் கேட்ட மெத்தை உறைகளைத் தேடினேன். காணவில்லை. ஒன்றிரண்டு அல்ல, மொத்தக் கட்டும். விட்டத்தில் இல்லை, கொடியில் இல்லை. ஆற்றில் விட்டிருப்பேன் என்று நினைத்து எருமைத் துறையிலிருந்து கீழே தாழம்புதர்வரை கரையோரமாக நடந்தேன். வேரில் சிக்கிய ஒரு கந்தல் கிடைத்தது. அது யாரோ ஒருவரின் கோவணம். ஸ்டாண்டுப் பக்கம் போகவே பயமாகிவிட்டது. அதே வாரத்தில் புளியறையிலிருந்து வந்த லாரிக்காரர் ஒருவர் வீட்டு வாசலில் நிறுத்தினார்.

“ஏட்டையா சொல்லச் சொன்னாரு. ஒங்க சம்சாரம் போன நாள்லேர்ந்து மாடு ஒழுங்காக் கறக்க மாட்டேங்குதாம். குதிரை வாடைக்கு மிரளுதாம். மவ மேலு பூரா வாடை ஊறிப் போச்சேன்னு ஏட்டையா வெசாரப்படுதாரு.”

சொல்லிவிட்டு என் வீட்டுக்குள் எட்டிப் பார்த்தார். மூக்கைச் சுளிக்காமல் இருக்க முயன்றார். நான் கையை முகர்ந்து பார்த்தேன். எனக்கு எதுவும் தெரியவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

வேறு வழியில்லாமல்தான் ஸ்டாண்டுக்குப் போனேன், உறைகள் தொலைந்ததைச் சொல்லிவிட. சாரல் தூவிக்கொண்டிருந்தது. குதிரைகளுக்கு வைக்கோல் கொண்டுவந்த மாட்டு வண்டி ஒன்று அப்போதுதான் வந்து நின்றது. அதன் சக்கரத்தில் செம்மண் தூசி இருந்தது. சேறு அல்ல, தூசி. மாடுகளின் முதுகிலும் தூசி. அதில் சாரல் புள்ளி புள்ளியாக விழத் தொடங்கியிருந்தது. வைக்கோல் மேல்பக்கம் மட்டுமே ஈரம்.

“எங்கேருந்து வாரீங்க அண்ணாச்சி?”

“சுந்தரபாண்டியபுரம்.”

“அங்கன மழை இல்லையா?”

“மழையா? கண்ணுல காட்டல. காத்துதான் பேயாட்டம் அடிக்கு. வாயத் தொறந்தா மண்ணு.”

மேற்கே மலையில் மோதும் மேகம் சாரலைத் தென்காசியோடு கொட்டி முடித்துவிடுகிறது. அதற்குக் கிழக்கே காற்று மட்டும் போகிறது. பள்ளிக்கூடத்தில் படித்தது. ஆனி முழுக்க அது நினைவுக்கு வரவில்லை.

“திரும்பிப் போவும்போது வண்டி சும்மாத்தான போவும்?”

“சும்மா போவும். ஏன்?”

வீட்டில் தொங்கிய அத்தனை கம்பளியையும் அந்த வண்டியில் ஏற்றினேன். உறைகளைப் பற்றி யாரிடமும் சொல்லாமலே அதில் ஏறிப் போனேன். சுந்தரபாண்டியபுரத்துக்கு வெளியே உழுதுவிட்டு மழைக்குக் காத்துக்கிடந்த மானாவாரிக் காடு. வேலியில் கம்பளிகளைப் போட்டதும் காற்று பிடுங்கிக்கொண்டு ஓடியது. துரத்திப் பிடித்து நான்கு மூலைக்கும் கல் வைத்தேன். வெயில் முதுகில் அடித்தது. மேற்கே மலை முழுவதும் கறுத்திருந்தது. அந்தக் கறுப்புக்குள்தான் புளியறை இருந்தது. ஒரு மாதமாக எங்கள் தலைக்குமேல் சொட்டிய கம்பளிகள் பொழுது சாய்வதற்குள் மொடமொடவென்று ஆகிவிட்டன. ஒன்றை முகத்தில் வைத்துப் பார்த்தேன். வெயில் வாடை மட்டும்தான்.

காய்ந்தவற்றில் பாயின் கம்பளியைக் கொண்டுபோய் அவரிடம் கொடுத்தேன். அவர் அதைத் தன் கன்னத்தில் வைத்துப் பார்த்துவிட்டுக் குதிரைமேல் போட்டார். குதிரை தோலைச் சிலிர்த்து அதை உதறிவிட்டது.

“இது தன்னோடதுன்னு அதுக்குத் தெரியல” என்றார். கம்பளியின் ஒரு முனையைக் குதிரையின் கழுத்து வியர்வையில் தேய்த்து, அதன் மூக்கில் காட்டிவிட்டு மறுபடி போர்த்தினார். குதிரை நின்றது. “சரி. உறை எங்க?”

“தாறேன் பாய்.”

“எப்பம்?”

“ஆவணிக்குள்ள.”

அதை எந்த நம்பிக்கையில் சொன்னேன் என்று இன்றும் தெரியாது.

வைக்கோல் வண்டி வரும்போதெல்லாம் கம்பளிகள் கிழக்கே போயின, அடுத்த வைக்கோலோடு திரும்பி வந்தன. ஸ்டாண்டு முழுவதும் மறுபடி என்னிடம் போட்டது. பயணிகளும் சிலர் வண்டியில் ஏறினார்கள். ஆனால் ஆடி கடைசியில் சாரல் மெலிந்தது. ரயிலில் வருகிறவர்கள் குறைந்தார்கள். சில வண்டிக்காரர்கள் குதிரையோடு சொந்த ஊருக்குப் போய்விட்டார்கள். எனக்குத் தொழில் கைவந்த வாரத்திலேயே தொழில் முடிந்துகொண்டிருந்தது.

ஆவணி முதல் நாள் நன்றாகத் தேய்த்துக் குளித்துவிட்டுப் புளியறைக்குப் போனேன். கையில் காய்ந்த கம்பளி ஒன்று, அத்தாட்சிக்கு. மாமனார் டியூட்டி முடிந்து முற்றத்தில் நின்றிருந்தார்.

“வாரும். சோலி என்ன மாப்ள?”

“கம்பளி துவைக்கதுதான் மாமா. இப்பம் சுத்தமாக் காயுது. மோந்து பாருங்க.”

அவர் வாங்கி முகர்ந்து பார்த்தார். அதில் அவர் நியாயமாகவே நடந்துகொண்டார்.

“நல்லாத்தான் இருக்கு. சீசன் முடிஞ்சா?”

“குதிரை இருக்கும்லா.”

“இருக்கும். நனையாது. நனையாத குதிரைக்குக் கம்பளி எதுக்கு?” கம்பளியை மடித்து என்னிடம் தந்தார். “நான் கேட்டது சோலி. நீரு சொல்லுதது சாரல்.”

மடித்த கம்பளியைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டேன்.

“செக்போஸ்டுல கூட இருக்கவனுவ கேக்கானுவ, மருமவன் என்ன பாக்காருன்னு. பேப்பர்ல இருக்காருன்னுதான் இன்னும் சொல்லிட்டிருக்கேன்.” தொழுவத்தின் பக்கம் கையைக் காட்டினார். “அந்த மாட்டப் பாரும். ஒரு மாசமா மடிய இறுக்கிட்டு நிக்கி. இவள மறுபடி அந்த வீட்டுல கொண்டு போயி விடச் சொல்லுதீரா? வேற சோலி பாத்துட்டு வாரும்.”

மாட்டுத் தொழுவத்துக்கு மேலே வைக்கோல் பரண். அதிலிருந்து ஏணி வழியாக என் மனைவி இறங்கி வந்தாள். தலையில் மூட்டை. அவள் கீழே கால் வைத்ததும் மாடு கயிற்றை இழுத்துக்கொண்டு ஒதுங்கியது.

“மாடு என்னயப் பாத்து மிரளலப்பா. இதுக்குத்தான் மிரளுது” என்று மூட்டையை முற்றத்தில் இறக்கி அவிழ்த்தாள்.

மெத்தை உறைகள். ஆற்றங்கரை நெடுகிலும் நான் தேடிய அத்தனையும். கிழிந்த இடங்களில் அவளுடைய பழைய நீலச் சேலைத் துண்டுகள் ஒட்டுப் போடப்பட்டிருந்தன. ஓரம் இரட்டைத் தையல். கோணி ஊசி ஒன்றில் குத்தியபடி இருந்தது.

மாமனார் குனிந்து ஒன்றைத் தூக்கிப் பார்த்தார். “இத எங்கன வச்சிருந்த?”

“பரண்ல. அம்மா நெல்லு அவிக்கும்போது அடுப்புக்கு மேல காயப்போட்டேன்.”

“ஊரு லாரியெல்லாம் நிறுத்தித் தேடுதவன் நான்” என்றார். “எந் தலைக்கு மேலயே கடத்தல் சரக்கா?”

அவள் சிரிக்கவில்லை. “பாய்க்கு நாளைக்குக் குடுக்கணும்” என்றாள். அவரிடமா என்னிடமா என்று தெரியாதபடி சொன்னாள். போகட்டுமா என்று கேட்கவில்லை. மூட்டையை மறுபடி கட்டினாள்.

அவர் பெல்ட்டை எடுத்து மாட்டிக்கொண்டு செக்போஸ்டுக்கு நடந்தார். நாங்கள் பின்னால் போனோம். தென்காசிப் பக்கம் போகும் லாரி ஒன்றைக் கைகாட்டி நிறுத்தினார்.

“இவங்கள ஸ்டேஷன் பக்கம் எறக்கி விடுலே. முன்னால எடம் இருக்கா?”

“இல்ல ஏட்டையா, ஆளு இருக்கு.”

“அப்பம் பின்னால ஏத்து.” என் பக்கம் திரும்பினார். “தலை தீபாவளிக்கு ரெண்டு பேரும் வரணும். அது வழக்கம். வரும்போது சோலியோட வாரும்.”

ஐப்பசியில் குற்றாலத்தில் குதிரைக்கு என்ன வேலை இருக்கும் என்று எங்கள் மூவருக்கும் தெரியும்.

லாரியின் பின்பக்கம் மீன் கூடைகள் இறக்கிய ஈரம். மூலையில் உட்கார்ந்தோம். ஸ்டாண்டில் பாதி வண்டிகள் இல்லை என்பதை அவளிடம் சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் செங்கோட்டை தாண்டியதும், முடிந்துவிட்டது என்று நான் நினைத்திருந்த சாரல் மறுபடி தூவத் தொடங்கியது. மேலே தார்ப்பாய் இல்லை. கையிலிருந்த கம்பளியை அவள் தலைமேல் பிடிக்கப் போனேன். அவள் அதை வாங்கி மூட்டைக்குச் சுற்றினாள். பிறகு மூட்டையை மடியில் வைத்து அதன்மேல் கவிழ்ந்துகொண்டாள்.

தென்காசி வந்தபோது அவள் தலையிலிருந்து தண்ணீர் வடிந்துகொண்டிருந்தது. உறைகள் நனையவில்லை.